பதினேழாம் வளைவில் நின்ற கார்

வண்டலூர்
4 ஆகஸ்ட் 2025

திருமதி சரோஜினி அசரியா அவர்களுக்கு,

நாம் நேரில் பார்த்ததில்லை. நேற்று நடந்த மலைச்சாலை ரேஸில் 41ஆம் எண் கார் என்னுடையது. நீங்கள் 63. உங்கள் கார் பக்கவாட்டில் ‘புஷ்பம் டிரைவிங் ஸ்கூல், கிழக்குத் தாம்பரம்’ என்றும் போன் நம்பரும் பெரிதாக எழுதியிருந்ததால் மறக்க வழியில்லை.

நம் ரேஸ் மன்றத்தின் ஒன்பதாம் விதிப்படி இதை எழுதுகிறேன். போன வருடம் வாட்ஸப் குரூப்பில் ஆரம்பித்த வாய்ச்சண்டை சானடோரியம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கைகலப்பாக முடிந்த பிறகு செயலாளர் ஜோஸ்வின் கொண்டுவந்த விதி அது. புகார் கொடுப்பவரும் புகாருக்கு ஆளானவரும் பத்து நாள் ஒருவருக்கொருவர் கடிதம்தான் எழுத வேண்டும். மெயிலில் போகலாம், ஆனால் கடிதமாக இருக்க வேண்டும். போன் கூடாது, நேரில் சந்திக்கக் கூடாது. இருவரும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் அதுவே தீர்ப்பு. இல்லையென்றால் பதிமூன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு மேல் நடுவர்கள் கடிதங்களைப் பார்க்காமல் ரீப்ளேயை மட்டும் பார்த்து முடிவு செய்வார்கள்.

நடந்தது இது. ஆறாவது சுற்று. இறக்கத்தில் பதினேழாவது கொண்டை ஊசி வளைவு. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம், நடுவில் ஒரு காருக்கு மேல் போக முடியாத சாலை. அந்த இருபத்திரண்டு வளைவில் யாரும் யாரையும் முந்த நினைக்காத ஒரே வளைவு அதுதான். நான் எட்டாவது இடத்தில் இருந்தேன். நீங்கள் எனக்குப் பின்னால். நான் வளைவுக்குள் சரியாகத் திரும்பிய பிறகு நீங்கள் திரும்பாமல் நேராக வந்து என் வலது பின் சக்கரத்தில் இடித்தீர்கள். நான் வெள்ளைக் கல்லைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தேன். பத்தொன்பதாவதாக முடித்தேன். முதல் பத்துப் பேர்தான் கோயம்புத்தூரில் இறுதிப் போட்டிக்குப் போகிறார்கள். தவறு உங்களுடையது என்று தீர்ப்பானால் என் எட்டாவது இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

எல்லோரும் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தோம், யாருக்கு என்ன காயம் என்று நீங்கள் சிரிக்கலாம். எட்டு மாதம் வேலைக்குப் போய்வந்து தினமும் இரண்டு மணி நேரம் பழகியவனுக்கு அது சிரிப்பு இல்லை.

நான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பிரேக் பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்டர். தலைமுடிக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். உங்களுக்கு இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு சிவப்புக் குறி இருக்கிறது என்று பட்டியலில் பார்த்தேன். மூன்றாவது விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு வருத்தம்தான். ஆனால் தவறு தவறுதான். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். என் ரீப்ளே கிளிப்பை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அசார்


கிழக்குத் தாம்பரம்
5 ஆகஸ்ட் 2025

அசார் சாருக்கு,

வருத்தமா? உங்களுக்கா? ரேஸ் முடிந்த அரை மணி நேரத்தில் அந்த கிளிப்பை வெட்டி ‘இவங்க டிரைவிங் ஸ்கூல் நடத்துறாங்களாம்’ என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு போட்டு ஸ்டேட்டஸ் வைத்தது யார்? அதை யார் யாரோ அனுப்பி, கடைசியில் என் கையிலேயே வந்து சேர்ந்தது. விதி ஒன்பது அப்போது எங்கே போயிருந்தது?

நான் பதினேழு வருடமாக இந்தக் கேம்ப் ரோட்டில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன். இரண்டு கார். இரண்டிலும் என் பக்கத்துக் காலடியில் ஒரு பிரேக். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களை ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கூட்டிப்போய், முழுசாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். என் வண்டி யார் மேலும் உரசியது கிடையாது. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகுகிற அந்த சிமுலேட்டரையே பயந்தவர்களுக்கு முதல் நாலு வகுப்பு எடுக்கத்தான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் மூடியிருக்கும் நேரத்தில் நான் ரேஸ் ஓட்டுகிறேன். அதில் யாருக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சிவப்புக் குறி பற்றிச் சொன்னீர்கள். முதலாவது என் தப்பு. ஸ்டார்ட்டிலேயே அவசரப்பட்டேன், ஒப்புக்கொண்டேன். இரண்டாவது என் தப்பு இல்லை. எதிராளி வாய் ஓயாத மனிதர். நாலு கடிதத்தில் எனக்குச் சலித்துப்போய், ஆளை விட்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். அந்தப் புத்திகெட்ட வேலையை இன்னொரு முறை செய்ய மாட்டேன்.

மூன்றாவது விழுந்தால் ஒரு வருடத் தடை. அது போனால் போகட்டும். ஆனால் ‘ஆபத்தான ஓட்டுநர்’ என்று என் பேரும் கார் படமும் மன்றத்தின் பக்கத்தில் ஊரே பார்க்கத் தொங்கும். அந்தக் காரில் என் ஸ்கூல் பெயர் இருக்கிறது. நேற்றுக் காலை ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சாராள் என்ற பெண்ணின் அப்பா போன் செய்தார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வீடியோ பாத்தேன். பொண்ணு இனிமே வரமாட்டா” என்றார். பத்தொன்பது வயதுப் பெண். அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டியை ஆஃப் செய்துகொண்டிருந்தவள், இப்போதுதான் மேடவாக்கம் கூட்டு ரோட்டில் தனியாக யூ டர்ன் போட ஆரம்பித்திருந்தாள்.

நடந்தது என்ன தெரியுமா? நீங்கள் வளைவுக்கு நடுவில் காரை நிறுத்தினீர்கள். இறக்கத்தில், குறுகலான இடத்தில், பின்னால் ஒருத்தி வருகிறாள் என்று தெரிந்தே நிறுத்தினீர்கள். வேண்டுமென்றே பிரேக் போட்டு என்னை இடிக்க வைத்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறீர்கள். என் ரீப்ளே கிளிப்பும் இதோடு வருகிறது. கண்ணைத் திறந்து பாருங்கள்.

சரோஜினி அசரியா


வண்டலூர்
6 ஆகஸ்ட் 2025

சரோஜினி மேடம் அவர்களுக்கு,

ஸ்டேட்டஸ் வைத்தது நான்தான். உண்மையைத்தானே வைத்தேன்?

உங்கள் கிளிப்பைப் பதினோரு முறை பார்த்தேன். அதில் என் கார் வளைவின் நடுவில் கல் மாதிரி நிற்கிறது. என் ரீப்ளேயில் என் கார் ஒரு கணம்கூட நிற்கவில்லை. ஒரே ரேஸ், ஒரே வளைவு, ஒரே நொடி. இரண்டு படமும் உண்மையாக இருக்க முடியாது.

என் படம் உண்மை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நான் பெடலை எப்போது, எவ்வளவு மிதித்தேன் என்பதை சாஃப்ட்வேர் நொடிக்கு அறுபது முறை பதிவு செய்கிறது. அந்த வளைவின் நடுவில் என் பிரேக் அளவு பூஜ்யம். திரும்பவும் எழுதுகிறேன், பூஜ்யம். பிரேக்கைத் தொடாத கார் எப்படி மேடம் நிற்கும்? நின்றதாகக் காட்டுகிற வீடியோவை யாரோ உட்கார்ந்து தயாரித்திருக்க வேண்டும். உங்கள் ஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய ஆள் வருவார் அல்லவா, அவர் கெட்டிக்காரராக இருக்கலாம்.

சாராள் விஷயத்தைப் படித்தேன். ஆனால் அவர் அப்பா பார்த்தது ஒரு விபத்தைத்தான். அதை நான் நடத்தவில்லை.

போலி ஆதாரம் கொடுத்தால் ஆயுள் தடை என்று விதி பதினான்கில் இருக்கிறது. நான் இதை ஜோஸ்வினிடம் கொண்டுபோகும் முன் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அசார்


கிழக்குத் தாம்பரம்
7 ஆகஸ்ட் 2025

அசார் சாருக்கு,

போலியா?

என்ன கொழுப்பு உங்களுக்கு! உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வகுப்பைத் தள்ளிப் போட்டேன். அந்தக் கோபத்தோடு யார் பக்கத்திலும் உட்கார்ந்து ஸ்டீயரிங் சொல்லித்தர முடியாது. எனக்கு வீடியோவை வெட்டவும் தெரியாது, ஒட்டவும் தெரியாது. ரிப்பேருக்கு வருகிற ஸ்ரீவத்சன் நல்ல பையன், அவனை இதில் இழுத்தீர்களோ பாருங்கள். கிளிப் வேண்டாம் என்றால் போங்கள். என் கம்ப்யூட்டரில் இருந்த முழு ரீப்ளே ஃபைலையும் கைவைக்காமல் அப்படியே அனுப்புகிறேன். என் பெடல் அளவும் அதில் இருக்குமாம். அளப்பதுதானே உங்கள் தொழில்? உட்கார்ந்து அளந்து பாருங்கள்.

கோபத்தில் நானும் அதை நேற்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன், அது உங்களுக்குச் சாதகமாகப் போகுமோ என்று. ஆனாலும் கண்ணால் பார்த்ததை மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன், “முன்னாடி போற வண்டியோட பின்புறத்தைப் பாரு, சிவப்பு எரிஞ்சா உன் கால் தானா பிரேக்குக்குப் போகணும்” என்று. பதினேழு வருடத்தில் அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் நான் எப்படி உங்கள் மேல் போய் இடித்தேன் என்று எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது தெரிகிறது. உங்கள் கார் நிற்கிறது, ஆனால் பிரேக் விளக்கு எரியவில்லை. ஒரு கணம் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த கணம் நிற்கிறது, விளக்கு மட்டும் எரியவே இல்லை.

நீங்கள் பிரேக்கைத் தொடவில்லை என்று எழுதியதை இப்போது நம்புகிறேன். வேண்டுமென்றே நிறுத்தினீர்கள் என்று நான் எழுதியது தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கார் நின்றது, சார். பிரேக் போடாமல் ஒரு கார் எப்படி நின்றது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

சரோஜினி


வண்டலூர்
9 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய மேடம்,

ஃபைல் கிடைத்தது. அது போலி இல்லை. அப்படி எழுதியதற்கு மன்னிக்கவும்.

இந்த மாதிரி ஆன்லைன் ரேஸில் சில நேரம் சர்வரில் கோளாறு வரும். யார் தப்பு என்று சொல்ல முடியாது. உங்கள் நிலைமையையும், ஸ்கூலையும், அந்தப் பெண்ணின் லைசென்ஸ் விஷயத்தையும் யோசித்துப் பார்த்தேன். மனிதாபிமான அடிப்படையில் என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அறிக்கை எதுவும் வேண்டாம். நான் ஜோஸ்வினுக்கு ஒரு வரி எழுதினால் போதும். உங்களுக்கு மூன்றாவது குறி விழாது. ஸ்டேட்டஸையும் எடுத்துவிட்டேன்.

இத்துடன் இதை முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

அசார்


கிழக்குத் தாம்பரம்
10 ஆகஸ்ட் 2025

அசார் சாருக்கு,

மனிதாபிமானமா? என்னைப் பார்த்தால் ஐயோ பாவம் என்று இருக்கிறதா?

காலையில் சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போதுகூட உங்கள் கடிதம்தான் தலைக்குள் ஓடியது. ஆண்டவர் மன்னிக்கட்டும், பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. தப்பு செய்தவளைத்தான் மன்னிப்பார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு விட்டுக்கொடுக்க வருகிறீர்கள்? நீங்கள் புகாரைத் திரும்ப வாங்கினால் குறி விழாது, சரி. அந்த வீடியோ பார்த்தவர்கள் எல்லாம் ‘பாவம், அவர் பெருந்தன்மையா விட்டுட்டார்’ என்பார்கள். நான் இடித்துவிட்டு உங்கள் தயவில் தப்பித்தவளாக ஆயுசுக்கும் அலைய வேண்டும். அதற்குக் குறியே விழட்டும்.

ஆறாம் தேதி ‘ஆயுள் தடை’ என்று துள்ளிய மனிதர் ஒன்பதாம் தேதி இப்படிக் குழைகிறார் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. நான் மண்டூகம் இல்லை. ஸ்ரீவத்சனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னான், “அக்கா, இது சர்வரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சர்வர் போச்சுன்னா எல்லா காரும்தானே நிக்கணும்? இந்த ஒரு கார் மட்டும்தான் நிக்குது. அந்த ஆளு வூட்ல நெட்டு கட்டாயிருக்கு.”

ரேஸுக்கு முன்னால் நாம் எல்லோரும் ஒரு படிவம் நிரப்பினோம். ‘என் கம்ப்யூட்டர் கேபிளில் இணைக்கப்பட்டிருக்கிறது, ரேஸ் முடியும்வரை அது மாறாது’ என்ற இடத்தில் டிக் போட்டோம். வைஃபையில் ஓட்டக் கூடாது என்பதே அதற்காகத்தான்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி சாயங்காலம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

சரோஜினி


வண்டலூர்
12 ஆகஸ்ட் 2025

சரோஜினி மேடம்,

இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தேன். அல்லாஹ் அறிய, இதில் எதையும் மறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு நீளக் கேபிள். அதே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் மனைவி நிகத்துக்கு ஆன்லைனில் மெடிக்கல் கோடிங் பரீட்சை, ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளுக்குக் குறியீடு போடும் வேலைக்கு. கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் இணைப்பு அறுந்தால் பரீட்சை ரத்து, ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். அன்று கேபிள் தனக்கு வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நான் ‘உனக்கு வைஃபையே போதும்’ என்று சொல்லிவிட்டு கேபிளை என் கம்ப்யூட்டரில் செருகிக்கொண்டேன்.

ரேஸ் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியபோது கேபிள் நிகத்தின் லேப்டாப்பில் இருந்தது. ரேஸ் முடிந்த பிறகு எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேபிளை எப்போது எடுத்தாய் என்று கேட்டால், பரீட்சை எப்படி எழுதினாய் என்றும் கேட்க வேண்டியிருக்கும். அவள் முகத்தைப் பார்த்தபோது அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்து உங்களுக்குப் புகார் எழுதினேன்.

நீங்கள் பிரேக் விளக்கைப் பற்றி எழுதிய மறுநாள், எட்டாம் தேதி, கேட்டேன். “மூணு அம்பத்திரண்டு” என்றாள் உடனே. “வைஃபை போயிப் போயி வந்துச்சு. ஸ்கிரீன்ல சிவப்பா எச்சரிக்கை வந்துருச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டேன், உங்க காதுல விழல. புடுங்கிட்டுப் போய்ட்டேன். அதனாலதான் பரீட்சைய முடிக்க முடிஞ்சுது.” நம் விபத்து நடந்ததும் மூன்று ஐம்பத்திரண்டுக்குத்தான். கேபிள் போனதும் என் கம்ப்யூட்டர் தானாக வைஃபைக்கு மாறியிருக்கிறது. மாறுவதற்கு ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடி நான் எங்கே இருக்கிறேன் என்று உங்கள் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகவில்லை, அதனால் கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே என் காரை நிறுத்திக் காட்டியது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்கும் தகவல் வரவில்லை. என் கம்ப்யூட்டர் உங்கள் கார் நேராகத்தான் வருகிறது என்று ஊகித்து, அப்படியே வரைந்து, என்னை இடிக்க வைத்தது. இரண்டு படமும் உண்மைதான். இரண்டிலும் தப்பு என்னுடையது.

உங்கள் ஃபைலில் உங்கள் பெடலை அளந்து பார்த்தேன். விளக்கே எரியாமல் என் கார் நின்றும், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நீங்கள் முழு பிரேக் போட்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் யாராலும் முடியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் ஒன்பதாம் தேதி அந்த மனிதாபிமானக் கடிதத்தை எழுதினேன். அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

கூட்டு அறிக்கையை எழுதி இணைத்திருக்கிறேன். முக்கியமான வரி இது: ‘ஆறாவது சுற்றில் என் மனைவி எனக்குத் தெரியாமல் கேபிளைப் பிடுங்கிவிட்டதால் 41ஆம் எண் காரின் இணைப்பு தடைபட்டு விபத்து நேர்ந்தது. 63ஆம் எண் ஓட்டுநர் மேல் எந்தத் தவறும் இல்லை.’ குறி எனக்கு விழும். இறுதிப் போட்டி இல்லை என்பதும் முடிவாகிவிட்டது. நாளை ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

அசார்


கிழக்குத் தாம்பரம்
13 ஆகஸ்ட் 2025, காலை

அசார் சாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் அழுதேன். ஒன்பது நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. பேனாவை எடுத்து அறிக்கையில் கையெழுத்துப் போடப் போனேன். அந்த வரியில் போய் நின்றுவிட்டேன்.

‘என் மனைவி எனக்குத் தெரியாமல் கேபிளைப் பிடுங்கிவிட்டதால்.’

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், பிடுங்கியது யார்? அன்றைக்கு அது அவள் கேபிள். கேட்டு வைத்திருந்தவள் அவள். பரீட்சை இருந்தது அவளுக்கு. செருகிக்கொண்டது நீங்கள். படிவத்தில் டிக் போட்டது நீங்கள். அவள் வந்து இரண்டு தடவை கூப்பிட்டும் காது கேட்காமல் உட்கார்ந்திருந்தது நீங்கள். இவ்வளவையும் எனக்கு மட்டும் எழுதிவிட்டு, ஊர் படிக்கிற காகிதத்தில் எல்லாவற்றையும் அவள் மேல் இறக்கி வைக்கிறீர்கள். இது வெளியே போனால் என்ன நடக்கும் தெரியுமா? என் வீடியோவுக்குக் கீழே சிரித்தவர்கள் இதற்குக் கீழே அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். ‘பொண்டாட்டி புடுங்கிட்டாளாம்’ என்று நாலு பொம்மை போடுவார்கள். அவளும் ஏதோ ஓர் ஆபீஸில் வேலை கேட்டுப் போய் நிற்க வேண்டியவள்தானே?

எனக்கு இந்த அறிக்கை எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. சாராளின் அப்பாவைத் தவிர இன்னும் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆறு மணி தாண்டினால் நடுவர்கள் புகார் கொடுத்தவரான உங்கள் ரீப்ளேயைத்தான் முதலில் போடுவார்கள், அதில் நான் இடிக்கிறேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன், இதில் கையெழுத்துப் போட மாட்டேன். என் பேரில் ஒட்டிய சேற்றை வழித்து இன்னொருத்தி மேல் பூசி எனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

மாற்றி எழுதுங்கள். இல்லையென்றால் ‘ஆபத்தான ஓட்டுநர்’ என்றே என் பேர் தொங்கட்டும்.

சரோஜினி


வண்டலூர்
13 ஆகஸ்ட் 2025, மாலை 4.40

மேடம்,

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் ஓடிவந்தேன். உங்கள் கடிதத்தை நிகத்திடம் கொடுத்தேன். இதுவரை இந்தக் கடிதங்கள் எதையும் அவளுக்குக் காட்டியதில்லை. எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தாள்.

அப்புறம் புதிய அறிக்கையை எழுதி அவளிடம் நீட்டினேன். “முன்பே சொல்லியிருந்தார்னு போட்டிருக்கீங்க” என்றாள். “மூணு தடவை சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை, அன்னிக்குச் சோறு போடும்போது ஒரு தடவை. மூணுன்னே போடுங்க.” போட்டேன். இப்போது அறிக்கை இது:

‘41ஆம் எண் ஓட்டுநரான நான், போட்டி நேரம் முழுவதும் கேபிள் என்னிடம் இருக்கும் என்று படிவத்தில் உறுதி கொடுத்தேன். அதே நேரத்தில் பரீட்சை எழுத அந்தக் கேபிள் வேண்டும் என்று என் மனைவி நிகத் என்னிடம் மூன்று முறை சொல்லியிருந்தார். நான் அதை மதிக்கவில்லை. தன் பரீட்சையைக் காப்பாற்ற அவர் தன் கேபிளை எடுத்துக்கொண்டபோது என் இணைப்பு ஒன்றரை நொடி அறுந்தது. விபத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு. 63ஆம் எண் ஓட்டுநர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். அவர்மேல் நான் கொடுத்த புகாரும், பரப்பிய வீடியோவும் தவறு.’

என் கையெழுத்து கீழே இருக்கிறது. நேரமாகிறது, மேடம்.

அசார்


கிழக்குத் தாம்பரம்
13 ஆகஸ்ட் 2025, மாலை 5.35

அசார் சாருக்கு,

கையெழுத்துப் போட்டு ஜோஸ்வினுக்கு அனுப்பியாகிவிட்டது. ‘கிடைத்தது, முடிந்தது’ என்று அவனும் பதில் போட்டுவிட்டான். வேண்டுமென்றே பிரேக் போட்டீர்கள் என்று நான் பழி சொன்னதையும் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அது என் பங்குத் தப்பு. சாராளின் அப்பாவுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். நிகத்தின் அந்த ‘மூன்று முறை’யைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் சொல்லுங்கள்.

இது முடிந்தால் அப்பாடா என்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கோபம்தான் வருகிறது, இப்போதுதான் அதிகமாக வருகிறது. கண்ணை மூடினால் இன்னொன்று தெரிகிறது. நான் அந்த விளக்கைக் கவனிக்காமல் இருந்திருந்தால் போதும். அல்லது இரண்டாவது குறியின்போது செய்த மாதிரி சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். நான் பதினேழு வருடம் சம்பாதித்த பேரை இழந்து ஸ்கூலில் தனியாக உட்கார்ந்திருப்பேன். நிகத் மூன்று தடவை சொன்னது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். நீங்கள் எட்டாவது ஆளாகக் கோயம்புத்தூருக்குப் போயிருப்பீர்கள்.

நன்றாகவும் ஓட்டியிருப்பீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவே மாட்டேன் என்கிறது.

சரோஜினி அசரியா